குரலை வைத்து ஆள் தேடிய நான்கு நாள்

மே 11, 2025, ஞாயிறு: திருச்சி, திருவண்ணாமலை, வேலூர்

காலண்டரைப் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைக்கிறவன் நான். முகூர்த்த நாளெல்லாம் மனப்பாடம். மறுநாள் சித்ரா பௌர்ணமி என்பது மட்டும் எப்படியோ கண்ணில் படவில்லை. திருவண்ணாமலை ஊருக்கு வெளியிலேயே தற்காலிகப் பேருந்து நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல வண்டி போவாது" என்றார் கண்டக்டர். வேலூர் பஸ் நிற்பது ஊருக்கு அந்தப் பக்கம். நடுவில் கடல் மாதிரி ஜனம். மத்தியானம் இரண்டு மணி, கத்திரி வெயில், செருப்பு தார் ரோட்டில் ஒட்டி ஒட்டி எழும்புகிறது.

எனக்கு இடது பாதம் இன்னும் முழுதாகத் தூக்காது. முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் மாட்டியிருப்பேன், விரல் தரையில் தட்டாமல் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் நடந்திருப்பேன், அதன் வார் அறுந்தது. ஓரமாக ஒரு தண்ணீர்ப் பந்தல் திண்டில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. பக்கத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. தாலிச் சரட்டிலிருந்து மூன்று ஊக்குகளைக் கழற்றி, குனிந்து, வாரை மடித்துக் குத்திவிட்டார். "மெல்லகா, பாபு" என்றார். ஒரு கை புளியோதரையும் இலையில் வந்தது. நான் பதிலுக்கு மணப்பாறை முறுக்கு ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். பாக்கெட்டுக்குள் முறுக்கு என்று ஒன்றும் இல்லை, தூள்தான் இருந்தது. கூட்டத்தில் பை நசுங்கியிருந்தது. பன்னிரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். நன்றி சொல்லக் கொண்டுபோன சரக்கு பாதி வழியிலேயே இந்தக் கதி.

எதற்கு நன்றி என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் குடும்பத்தோடு திருப்பதி போனோம். அதற்குப் பத்து நாள் முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அலிபிரி வழியாக 3,550 படியும் ஏறினேன். மறுநாள் கால் மரத்தது. படி ஏறின அலுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்று ராத்திரி காட்பாடியில் வண்டி மாற இறங்கினவன், பிளாட்பாரத்தில் அப்படியே மடிந்து உட்கார்ந்தேன். எழவில்லை. எழுந்து நின்றது நாலரை மாதம் கழித்து.

குய்லின் பாரே. சுருக்கமாக ஜி.பி.எஸ். இந்த வருடம் ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்தபோதுதான் இந்தப் பெயர் பேப்பரில் அடிபட்டது. கிருமியோடு சண்டை போடக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நம் நரம்பையே அடிக்கும் நோய். காலில் ஆரம்பித்து மேலே ஏறியது. மூன்றாம் நாள் விழுங்க முடியவில்லை, நாலாம் நாள் மூச்சு. இருபத்து மூன்று நாள் வென்டிலேட்டர். கழுத்தில் துளை போட்டதால் பேச்சு இல்லை. முகத்திலும் வலு போனதால் கண்ணை மூட முடியாது. பகலில் களிம்பு போட்டுவிடுவார்கள், பட்டர் பேப்பர் வழியாகப் பார்க்கிற மாதிரி உருவம் உருவமாகத் தெரியும். ராத்திரி பிளாஸ்திரி போட்டு இமையை ஒட்டிவிடுவார்கள். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது, காது இன்னும் தெளிவாக.

அதனால் என்னைக் காப்பாற்றினவர்களை எனக்குக் குரலாகத்தான் தெரியும், முகம் தெரிந்தது என் மனைவிக்கு. "நீங்களே போய்ட்டு வாங்க. அந்தத் தெருவைத் திரும்பப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். பிழை விழுந்த பத்திரிகை ஒன்றின் முதுகில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள்: காட்பாடி சிவப்புச் சட்டை. லாட்ஜ் மேனேஜர். கஞ்சி அம்மா. நைட் சிஸ்டர். மால்டா அக்கா.

வேலூர் சேர ராத்திரி பத்தரை.

மே 12, திங்கள்: வேலூர், காட்பாடி

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், மனைவி அப்போது தங்கியிருந்த அதே லாட்ஜ்தான். "பேஷன்ட் யாரு சார்?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தைத் திறந்தார் மேனேஜர். அந்தத் தெருவில் அறை கேட்டுப் போனால் முதல் கேள்வி அது. "யாரும் இல்லை, நான் மட்டும்" என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அப்போது வாடகை 400, இப்போது 550. அடுப்பும் பாத்திரமும் வேண்டுமென்றால் தனி.

தெரு மாறவில்லை. கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளம், அதற்குக் கீழே இந்தி. காலையிலேயே கடுகெண்ணெய் வாடை. தள்ளுவண்டியில் முள்ளுக் கத்திரிக்காய் விற்கிற நம்மூர்ப் பெண், வங்காளத்தில் எண்ணிக் காசு வாங்குகிறார். கையில் ஸ்கேன் கவரோடு நடக்கிறவர்கள்தான் முக்கால்வாசி. யார் நோயாளி, யார் கூட வந்தவர் என்று சொல்ல முடியாது. கூட வந்தவர்தான் பெரும்பாலும் அதிகம் இளைத்திருப்பார்.

மேனேஜருக்கு என்னை நினைவில்லை. எப்படி இருக்கும், அந்த அறைக்கு நான் வந்ததே கடைசி ஒரு மாதம்தான், அதுவும் படுத்த படுக்கையாக. மனைவி பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். யோசித்தார். "நாலடுக்கு டிபன் கேரியர் வெச்சிருந்தாங்களே, அந்த அம்மாவா?"

பட்டியலில் இருந்த மேனேஜர் இவர்தான். மருந்துக்கே எல்லாம் கரைந்து, சங்கிலி அடகுக்குப் போன மாதத்தில் பத்தொன்பது நாள் வாடகை கேட்காமல் இருந்தவர். அதைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் சங்கடப்பட்டுப் போனார். "அந்த மாசம் ரூம் காலியாத்தான் சார் கிடந்துச்சு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க காலி பண்ணின அன்னிக்கு ஒரு எவர்சில்வர் கரண்டி குறைஞ்சுது" என்றார்.

போனில் மனைவியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரசத்துக்குப் போடறேனே, அந்தக் கரண்டிதாங்க" என்றாள்.

கஞ்சி அம்மாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில், முட்டி வலி வந்து, கடையை விட்டுவிட்டு ஆம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பா மூடியில் எழுதி வைத்திருந்த நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

சாயங்காலம் காட்பாடி. ஆட்டோக்காரர் நல்ல பேச்சுக்காரர். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அதை ஞாபகப்படுத்தினேன். "கோட்டைக் கோயில்ல 1981-லயே சாமி வெச்சாச்சு சார். ஆத்துல 2021-ல கரை தொட்டு ஓடிச்சு, அதோட சரி. ராஜாவுக்கு நாம இன்னா பண்றது?" என்றார்.

அன்று என்னை லக்கேஜ் வண்டியில் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய போர்ட்டரின் குரல் கரகரப்பானது. "தம்பி, கண்ண மூடாத, பேசிக்கினே வா, உன் பசங்க பேரு சொல்லு" என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே வந்தார். கூலி வாங்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மனைவியின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் நாலு பேரிடம் கேட்டேன். இந்த மாதிரி மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் விழுவார்கள், யாரை யார் தூக்கினது என்று எப்படிச் சொல்வது என்றார்கள். ஐந்தாவது ஆள், "நான்தான் சார்! எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்றார். கணீரென்ற குரல். நிச்சயமாக அவர் இல்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தேன், முழுசாக இருந்த முறுக்குப் பாக்கெட்டில் ஒன்றும் கொடுத்தேன். ஒரு முறுக்கைக் கடித்தபடியே, "நீங்க ரொம்ப கனம் சார்" என்றார். எனக்கு அப்போது அறுபது கிலோ.

மே 13, செவ்வாய்: வேலூர்

ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன் வயிறு கலங்கியது. நோயாளியாக இருந்தபோது இல்லாத பயம். டெட்டால் வாடையா, தள்ளு படுக்கையின் சக்கரச் சத்தமா, எது என்று தெரியவில்லை. வெளியே வந்து ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு (25 ரூபாய், உப்பே அதிகம்) மறுபடி போனேன்.

நைட் சிஸ்டர் கேரளத்துப் பெண். ராத்திரி ஒன்பது மணிக்கு, "அண்ணா, கண்ணு அடைக்கட்டே?" என்று கேட்டுவிட்டுத்தான் பிளாஸ்திரி ஒட்டுவார். பதில் சொல்ல முடியாதவனிடம் அனுமதி கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களும் நல்லவர்களே. ஆனால் பேச்சில்லாத உடம்பைக் கொஞ்ச நாளில் எல்லோரும் சாமான் மாதிரி எடுத்து வைக்கப் பழகிவிடுவார்கள், அது மனித இயல்பு. புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டும். இவர் புரட்டும்போது, "இப்போ ஜன்னல் பக்கம் திரும்பறோம். வெளியே மழை பெய்யுது" என்று ஏதாவது சொல்வார். இருட்டுக்குள் கிடந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்.

வார்டு வாசலில் நீல நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ குரல், அது மட்டும் இல்லை. கடைசியில் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்து யார் வேண்டும் என்று கேட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டியதும் சிரித்துவிட்டார். அயர்லாந்து போய் ஏழு மாதம் ஆகிறதாம். நம்பரைக் கொடுக்க முடியாது, வேண்டுமானால் பேசுங்கள், நான் அனுப்புகிறேன் என்று தன் போனை நீட்டினார்.

நான் என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. படுக்கை எண்ணைச் சொன்னேன். தனியாக நடக்கிறேன், கண் தானாக மூடுகிறது என்றேன்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், "அண்ணனுக்கு இப்படியா சப்தம்! நான் மெலிசா இருக்கும்னு நினைச்சு." அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர்கள் முகம் தெரியாத மாதிரியே, அவர்கள் யாருக்கும் என் குரல் தெரியாது.

அப்போது பார்த்த டாக்டரும் கிடைத்தார், இரண்டு நிமிடம். ரிஃப்ளெக்ஸ் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு ஏற்றிய இம்யூனோகுளோபுலின் மருந்தைப் பற்றி அவர் அன்று சொன்னதை மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். உடம்பு எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. என் அறுபது கிலோவுக்கு 120 கிராம், அதை ஐந்து நாளாகப் பிரித்து ஏற்றினார்கள். 5 கிராம் பாட்டிலாக 24. அந்த மருந்தைத் தொழிற்சாலையில் புதிதாகக் கலக்கிச் செய்துவிட முடியாது. மனிதர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு தொகுதிக்கு ஆயிரம் பேருக்குக் குறையாமல் சேர்க்கிறார்கள். பட்டியலில் எழுத முடியாத ஆட்கள். என் மனைவி நாலு மாதத்துக்கு ஒருமுறை திருச்சியில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாள். பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டுமாம், தேதி தவற விடுவதில்லை. அதைப் பற்றி அவள் பேசினதும் இல்லை.

சாயங்காலம் பாலாற்றங்கரைக்குப் போனேன். வார்டுக்கு மாற்றின பிறகு பக்கத்துப் படுக்கை மேற்கு வங்காளத்து மால்டாக்காரர். அவர் மனைவிக்குத் தமிழில் நாலு சொல் தெரியும்: தண்ணி, சாப்பாடு, வலி, நாளைக்கு. தினமும் புருஷனுக்குக் காலைப் பிடித்துவிட்டு, அதே எண்ணெய்க் கையோடு என் காலையும் பிடித்துவிடுவார். என் மனைவி அந்த நேரத்தில் மருந்து வாங்க வரிசையில் நிற்பாள். "பாலோ ஹோயே ஜாபே, தாதா." சரியாயிடும், அண்ணா. எனக்கும் சொல்வார், அவருக்கும் சொல்வார்.

ஒரு ராத்திரி, கண் ஒட்டியிருந்தபோது, அந்தப் படுக்கையில் நிறையக் காலடிகள் கேட்டன. திரை இழுக்கும் சத்தம். அப்புறம் அவர் அழுகிற சத்தம். வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அழுதார். அடுத்த படுக்கைக்காரர்கள் தூங்கட்டும் என்றுதான் அப்படி அழுதார் என்று இன்றுவரை நினைக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோகக் காசு இல்லை, பாலாற்றங்கரையிலேயே முடித்துவிட்டார்கள். ரயில் ஏறப் போகும் முன் வார்டுக்கு வந்து, புருஷனுக்காக வாங்கின ஏர் பெட்டையும் அதன் மோட்டாரையும் என் மனைவி கையில் கொடுத்தார். படுக்கைப் புண் வராமல் நான் தப்பியதில் அதற்குப் பாதிப் பங்கு. நாங்கள் கிளம்பும்போது அதை ஜார்க்கண்ட்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் யாருக்குக் கொடுத்தாரோ.

அந்த அக்கா கொடுத்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆற்றில் மணல், முள்செடி, ரெண்டு மாடு. கொஞ்ச நேரம் நின்றேன். கொண்டுபோன முறுக்கை வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வைக்கவில்லை. திரும்பும் வழியில் மாட்டுக்காரப் பையன் ஒருவன் பையைப் பார்த்தான், அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

மே 14, புதன்: ஆம்பூர்

வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். ஊக்கு குத்திய வார் மறுபடி இளகி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் கால் மடங்கியது. கீழே விழவில்லை, பின்னால் வந்த காலேஜ் பையன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். காலர் கிழிந்தது. "சாரி அங்கிள்" என்று அவன் மன்னிப்புக் கேட்கிறான்!

கஞ்சி அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். போனில் அடையாளம் சொல்லியிருந்தேன். கிட்டே போனதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வா நைனா. மூக்குல டியூபு இல்லாம நல்லாத்தான் கீற."

அந்தக் குரல்! வார்டு வாசல்வரை வந்து, "கஞ்சி ரெடி பாப்பா, ரெண்டு வாட்டி வடிகட்டிட்டேன்" என்று என் மனைவியைக் கூப்பிடும் குரல். டியூப் அடைத்துக்கொள்ளக் கூடாதென்று கேழ்வரகுக் கஞ்சியை வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிப்பார். முதல் வாரம் டம்ளருக்கு 20 ரூபாய் வாங்கினார். சங்கிலி இல்லாத கழுத்தைப் பார்த்த நாளிலிருந்து வாங்கவில்லை.

மகள் ஷூ கம்பெனியில் தையல் வேலை. இன்று வாராந்திர லீவாம். என் காலைப் பார்த்தவர், "கழட்டுங்கண்ணா" என்றார். வீட்டிலேயே ஒரு மிஷின் வைத்திருந்தார். பழைய வாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, நல்ல தோலில் புதுசு வெட்டி, உள்பக்கம் மெத்தென்று துணி கொடுத்து இரட்டைத் தையல் போட்டார். இருபது நிமிடம். திருச்சியில் இதையே ரிப்பேர் செய்ய 700 ரூபாய் கேட்டு ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். காசு எடுத்தேன், மிஷினை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மருமகன் பிரியாணி வாங்கி வந்தார். சீரகச் சம்பா அரிசி, எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. மசாலா அடங்கியே இருக்கும், கறி வாசனைதான் முன்னால் வரும். திண்டுக்கல் பக்கத்துக் காரத்துக்குப் பழகினவர்கள் குறை சொல்வார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது என்பதை எங்கள் ஊரில் உரக்கச் சொல்ல முடியாது.

சாப்பிட்டு முடித்துத் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கஞ்சி கொஞ்சம் கிடைக்குமா?"

"பிரியாணி துன்னுட்டு கஞ்சியா?"

"ரெண்டு மாசம் குடிச்சேன்மா. ஆனா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எல்லாம் மூக்கு வழியா நேரா வயித்துக்குப் போயிடுச்சு."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். மகள் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. வடிகட்டும் துணி இந்த வீட்டில் இல்லையென்று ஒரு பழைய வேட்டியைக் கிழித்தார். அரை மணி நேரம் கழித்து எவர்சில்வர் டம்ளரில் வந்தது, ஆற்றி, ஆடை எடுத்து.

குடித்தேன். உப்பு கரித்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "டியூபுல போறதுக்கு உப்பு ருசி எதுக்குன்னு அப்ப போடவே மாட்டேன் நைனா. அதுக்கும் சேத்து இன்னிக்குப் போட்டுட்டேன் போல."

இரண்டு டம்ளர் குடித்தேன். மனைவிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் பேசியது பாதி அழுகை, பாதி கரண்டிக் கதை. மீதிக் கஞ்சியை ஒரு ஸ்கூல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வழிக்கு வைத்துக்கொள் என்று பையில் சொருகினார்.

திரும்பும்போது திருவண்ணாமலை வழி வேண்டாமென்று சேலம் போய் மாறலாம் என்று முடிவு. தெருமுனை வரைக்கும் மருமகன் வண்டியில் கொண்டுவிட்டார். வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து அம்மாவின் சத்தம்.

"நைனா, பாட்டிலு பேத்தியோடது. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடு. அந்தப் பாப்பாவையும் இட்டுக்கினு வா."